திருவொற்றியூரிலிருந்து தில்லிக்கு: நீதிமன்றத்தைப் பாடமாக நடத்த வடசென்னை ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘நீதித்துறை’ என்று ஒரு பாடம் உண்டு. முதல் வருஷம் அதை இரண்டே பீரியடில் முடித்துவிட்டேன். பலகையில் மேலே உச்ச நீதிமன்றம், அதன் கீழே உயர் நீதிமன்றம், அதற்கும் கீழே மாவட்ட நீதிமன்றம் என்று ஒரு படம் போட்டேன். கேள்வி பதில் எழுதிப் போட்டேன். மணி அடிக்கப் போகும் நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “மிஸ், ஜார்ஜ் டவுன் கோர்ட்டு இதுல எங்க இருக்கு?” எனக்குப் பதில் தெரியவில்லை. அவனுடைய அண்ணனுக்கு மறுநாள் அங்கே வாய்தா என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நான் போட்ட படம் சரிதான். ஆனால் அது தில்லியில் தொடங்கி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. பிள்ளைகள் கோர்ட்டைப் பார்ப்பது கீழேயிருந்து. முதலில் போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் ஜார்ஜ் டவுன் கோர்ட்டு போன்ற நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம், அப்புறம் வக்கீல் ஆபீஸ் மாடிப்படி. அதனால் பாடத்தையும் கீழேயிருந்து நடத்த வேண்டும் என்பது என் முடிவு. புதிதாக இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்காக, நான் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: நீங்கள் தனியாகப் போய் உட்கார்ந்து பாருங்கள்

பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன்னால், பாடக்குறிப்பு எழுதுவதற்கும் முன்னால், ஒரு வேலை நாளில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போங்கள். விம்கோ நகர், தேரடி, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று எங்கே மெட்ரோ ஏறினாலும் நேராக உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். வாசலில் பாதுகாப்புப் படையினர் பையைச் சோதிப்பார்கள், எதற்காக வந்தீர்கள் என்று கேட்பார்கள். பள்ளி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆசிரியர், விசாரணையைப் பார்க்க வந்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். தயங்க வேண்டாம். நம் நாட்டில் நீதிமன்ற விசாரணை பொதுவாகத் திறந்த மன்றத்தில்தான் நடக்க வேண்டும். யாரும் போய்ப் பின்னால் உட்காரலாம் என்பதுதான் சட்டத்தின் நிலை.

அந்த ஒரே வளாகத்துக்குள் பல நீதிமன்றங்கள் இருப்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. சிவப்புக் கட்டடமும் குவிமாடங்களும் உயர் நீதிமன்றம். 1862-இல் தொடங்கிய நீதிமன்றம் இது. இப்போதுள்ள கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டது. நகர உரிமையியல் (சிவில்) நீதிமன்றம், அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றம், ஸ்மால் காசஸ் கோர்ட் என்று மக்கள் சொல்லும் சிறு வழக்குகள் நீதிமன்றம் எல்லாம் அதே வளாகத்தில் இருக்கின்றன. நீங்கள் முதலில் போக வேண்டியது நகர உரிமையியல் நீதிமன்றத்துக்கு. உயர் நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலத்தில் நடக்கும், பெரும்பாலும் சட்டப் பிரிவுகளைப் பற்றியே இருக்கும். கீழமை நீதிமன்றத்தில் சாட்சி கூண்டில் ஏறித் தமிழில் பேசுவார். பாடத்துக்கு வேண்டியது அங்கேதான் கிடைக்கும்.

காலை 10.30-க்கு முன்பே போய்விடுங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். படம் எடுப்பது, பதிவு செய்வது கூடவே கூடாது. நீதிபதி வரும்போது எழுந்து நில்லுங்கள், பின் வரிசையில் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் புரியாது. பெயர் கூப்பிடுவார்கள், வக்கீல் எழுந்து ஏதோ சொல்வார், அடுத்த தேதி கொடுப்பார்கள், அடுத்த பெயர். எழுந்து போய்விடாதீர்கள். சாட்சி விசாரணை தொடங்கும் வரை காத்திருங்கள். ஒரு வக்கீல் தன் தரப்புச் சாட்சியிடம் கேட்பதற்கும், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அரை மணி நேரம் நேரில் பார்த்தால் போதும், அதன் பிறகு உங்களுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படாது.

எல்லாக் கதவும் திறந்திருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறார் நீதிக் குழுமத்தின் விசாரணை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கு விசாரணை, குடும்ப நல நீதிமன்றத்தின் பல விசாரணைகள் எல்லாம் மூடிய அறையில் நடப்பவை. குழந்தையின் அல்லது குடும்பத்தின் மானத்தைக் காப்பதற்காக அப்படி. இதையே வகுப்பில் ஒரு கேள்வியாக வையுங்கள்: எதைத் திறந்து வைக்க வேண்டும், எதை மூட வேண்டும், ஏன்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்கள் என்னை ஒவ்வொரு வருஷமும் வியக்க வைக்கின்றன.

இரண்டாவது: சினிமாவைக் கழற்றி வையுங்கள்

பிள்ளைகளின் தலையில் இருக்கும் கோர்ட் சினிமா கோர்ட். நம் நீதிபதிகள் மேசையில் சுத்தியல் அடிப்பதில்லை. பகவத் கீதை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவதும் இல்லை. 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டத்தின்படி கடவுள் பெயரால் ஆணையிடலாம், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் மனமார உறுதி கூறலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சத்தியம் என்றால் என்ன என்று புரியாவிட்டாலும், கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் சாட்சி சொல்லலாம். இதைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். “அப்ப நாங்க சொன்னாலும் செல்லுமா மிஸ்?” செல்லும்.

கண்ணைக் கட்டிய நீதி தேவதையைப் பாடப் படங்களில் பார்த்திருப்பார்கள். 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் கண்கட்டு இல்லாத, கையில் வாளுக்குப் பதில் அரசியல் சாசனம் ஏந்திய சிலை வந்தது. இரண்டில் எது சரி என்று விவாதம் வையுங்கள். எனக்குக் கண் திறந்த சிலைதான் பிடித்திருக்கிறது. ஆனால் அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது: கோர்ட் தமிழ்

சொற்களை ஒரு பீரியட் முழுக்க நடத்துங்கள். சம்மன், வாரண்ட், வக்காலத்து, வாய்தா, ஜாமீன், ஸ்டே எல்லாம் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் கேட்ட சொற்கள்தான், பொருள்தான் மங்கலாக இருக்கும். ஜாமீன் என்றால் விடுதலை என்று நினைப்பார்கள். வழக்கு முடியவில்லை, கூப்பிட்ட தேதிக்கு வருவேன் என்ற உறுதியின் பேரில் வெளியே இருக்கிறார், அவ்வளவுதான் என்று விளக்குங்கள். உரிமையியல் வழக்கில் வாதி, பிரதிவாதி. குற்ற வழக்கில், நம் ஊர் போலீஸ் தாள்களிலும் கோர்ட் தாள்களிலும், குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதுவார்கள். இந்த ஒரு சொல்லை மட்டும் அவசியம் விளக்குங்கள். அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘எதிரி 2’ என்று எழுதியிருப்பதைப் படித்த பிள்ளை, அரசாங்கமே தன் அப்பாவைப் பகைவன் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. அது எதிர்த்தரப்பு என்ற பொருளில் வரும் சொல்.

பழைய பாடப்புத்தகத்தை வைத்து நடத்துகிறவர்கள் கவனிக்க: இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பெருநகரங்களுக்கென்று தனி வகை நடுவர்கள் என்ற ஏற்பாடும் புதிய சட்டத்தில் இல்லை, பேச்சில்தான் பழைய பெயர் இன்னும் ஓடுகிறது. பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

நான்காவது: ஒரு விபத்து, இரண்டு வழக்கு

உரிமையியல், குற்றவியல் என்று இரண்டு தலைப்புப் போட்டு வேறுபாடுகளை அட்டவணையாக எழுதிப் போட்டால் பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். எண்ணூர் விரைவுச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அந்தச் சாலையைத் தாண்டாத பிள்ளை நம் வகுப்புகளில் இல்லை. ஒரு லாரி இருசக்கர வண்டியில் போனவரை இடித்துக் கால் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

போலீஸ் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்கிறது. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். ஓட்டுநரைக் கைது செய்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அங்கே நடப்பது குற்ற வழக்கு. அரசு ஒரு பக்கம், ஓட்டுநர் மறுபக்கம். நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும்.

ஆனால் கால் முறிந்தவருடைய ஆஸ்பத்திரிச் செலவு? மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் இழந்த கூலி? அதற்கு வேறு வழக்கு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவரே மனுப் போட வேண்டும். சென்னையில் இந்த வழக்குகளைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் பார்க்கிறது. லாரி உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்த்தரப்பு. இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். அதனால்தான் ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் இழப்பீடு கிடைக்கக்கூடும். பலகையில் நடுவே லாரியை வரைந்து, இரண்டு பக்கமும் இரண்டு அம்புக்குறி போடுங்கள். அதிலிருந்து மேல்முறையீடு எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே போனால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தாமாக வந்து சேரும். தில்லிக்கு இப்படித்தான் போக வேண்டும்.

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு உள்ளூர் கதைகளைச் சேருங்கள். 1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் மெட்ராஸ் லேபர் யூனியனை அமைத்தார்கள். பிறகு வந்த போராட்டத்தில் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சங்கம் நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அதனால் வெளிச்சமானது. 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். தாத்தா பின்னி மில்லில் வேலை செய்தார் என்று சொல்லும் பிள்ளைகள் இன்றும் வியாசர்பாடி, புளியந்தோப்பு வகுப்புகளில் இருக்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவு. வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. யாரும் மனுப் போடாமலே ஒரு மன்றம் எப்படி வழக்கை எடுக்கலாம் என்ற கேள்வி அங்கே தானே எழும்.

ஐந்தாவது: கேட்கக் கூடாத கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். “உங்க வீட்ல யாருக்காவது கேஸ் இருக்கா?” என்று வகுப்பில் கேட்காதீர்கள். ஆர்வத்தில் கேட்டுவிடுவோம். நானே ஒருமுறை கேட்டேன். ஒரு பெண் கையைத் தூக்கப் போய், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புழல் சிறைக்குப் போய் மனுப் போட்டு வீட்டு ஆளைப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். வடசென்னை என்றாலே ரவுடி, கத்தி என்று காட்டிக் காட்டி அந்தப் பெயரை இந்தப் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் நாம் நடத்தும் பாடத்தில் மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டியது, குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு என்பது. சிறையில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் விசாரணைக் கைதிகள், அவர்கள் மேல் இன்னும் தீர்ப்பு வரவில்லை. கோவலன் கதையைச் சொல்லுங்கள். சிலம்பு கையில் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் பாண்டியன் கொல்லச் சொன்னான். பாண்டியன் செய்த தவறு என்ன என்று கேளுங்கள். “கேக்கலையே மிஸ்” என்று நூறு வருஷம் ஆனாலும் ஒரு பிள்ளை சொல்லும். இரு தரப்பையும் கேட்ட பிறகே முடிவு. அவ்வளவுதான் இயற்கை நீதி.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் தவறு செய்தால் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போவார். அதில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்தச் சிறாரின் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. வாட்ஸ்ஆப் குழுக்களுக்கும் இது பொருந்தும் என்று பெரிய வகுப்புகளில் அழுத்திச் சொல்லுங்கள்.

நமக்கான சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தாலோ, ஆகக்கூடும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ, போலீஸிலோ சிறார் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டியது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி நம் கடமை. பள்ளியின் பெயர் கெடும், தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட முடியாது. தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். நீங்களே விசாரணை நடத்தாதீர்கள், பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். 1098-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.

ஆறாவது: வகுப்பறைக் கோர்ட்

கொலை வழக்கு வேண்டாம். எல்லோரும் வக்கீலாகக் கத்துவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். சின்ன வழக்காக எடுங்கள். காசிமேட்டில் ஒருவர் இன்னொருவரிடம் ஐஸ் பெட்டி இரவல் வாங்கினார். திருப்பித் தரும்போது மூடி உடைந்திருந்தது. முன்பே விரிசல் இருந்தது என்கிறார் வாங்கியவர், இல்லை என்கிறார் கொடுத்தவர். ஐஸ் கடைக்காரர் ஒரு சாட்சி, மீன் கூடை தூக்கும் அக்கா ஒரு சாட்சி. சாட்சிக்கு ஆளுக்கு ஐந்து வரி எழுதிக் கொடுங்கள், அதில் ஒரு இடத்தில் இருவரும் முரண்படட்டும். வக்கீலாக இருந்த பிள்ளைகள் அடுத்த வாரம் கட்சி மாறி வாதாட வேண்டும்.

நீதிபதியாக மூன்று பேரை உட்கார வையுங்கள். அவர்கள் தீர்ப்பை வாயால் சொல்லக் கூடாது. ஏன் இந்த முடிவுக்கு வந்தோம், எந்தச் சாட்சியை நம்பினோம், ஏன் நம்பினோம் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். மதிப்பெண் அந்த அரைப் பக்கத்துக்குத்தான். யார் ஜெயித்தார்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. என் வகுப்பில் பேசவே பேசாத ஒரு மாணவி எழுதிய தீர்ப்பு, “இருவரும் உண்மை சொல்கிறார்கள், விரிசல் கொடுத்தவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்” என்று தொடங்கியது. மூடியின் விலையில் பாதி தர வேண்டும் என்று முடித்திருந்தாள்.

ஏழாவது: ஆட்களை அழைப்பதும் அழைத்துப் போவதும்

பேச வரும் வக்கீலைத் தெரிந்தவர் மூலம் பிடிக்காமல், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாகக் கேளுங்கள். மாநில ஆணைக்குழு அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்தில், வடக்குக் கோட்டைச் சாலையில் இருக்கிறது. பள்ளிகளில் சட்ட விழிப்புணர்வு நடத்துவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. தலைமையாசிரியர் கையெழுத்தோடு குறைந்தது மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். பிள்ளைகள் எழுதிய கேள்விகளைக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் பொதுவான சொற்பொழிவு நடந்து முடிந்துவிடும். நவம்பர் 9 தேசியச் சட்டப்பணிகள் தினம். அந்த வாரத்தில் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் முந்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போக ஜூலை முதல் நவம்பர் வரை நல்ல காலம். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. இருபது பேருக்கு மேல் வேண்டாம், முன் அனுமதி கட்டாயம். ஆண்டுக்கு ஒரு நாள், வழக்கமாக நவம்பரில் ஒரு வார இறுதியில், உயர் நீதிமன்றத்தின் எல்லா வாசல்களையும் மூடிவிடுவார்கள். வளாகத்தின் ஊடாகப் போக எங்களுக்கு வழியுரிமை உண்டு என்று பின்னாளில் யாரும் கோரிவிடக் கூடாது என்பதற்காக நெடுங்காலமாக நடக்கும் வழக்கம் இது. இதைப் பயணத்துக்கு முந்தைய நாளே சொல்லுங்கள். வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயருக்கும் சிலை இருக்கிறது. கட்டட உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கு எரிந்தது. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் வீசிய குண்டு ஒன்று வளாகத்துச் சுவரில் விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. ஆனால் சிலைகளிலேயே நேரத்தைக் கரைத்துவிடாமல், அரை மணி நேரமாவது ஒரு மன்றத்தில் உட்கார வையுங்கள்.

கடைசியாக: கையில் தாளோடு வரும் பிள்ளை

இந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்தினால் இது நடந்தே தீரும். பள்ளி விட்ட பிறகு ஒரு பிள்ளை தங்கி, பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டும். அம்மா கேட்கச் சொன்னார்கள் என்று சொல்லும். பயப்படாதீர்கள், சட்ட ஆலோசனையும் சொல்லாதீர்கள். தாளில் மூன்று விஷயங்களை மட்டும் படித்துக் காட்டுங்கள்: எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன, எந்தத் தேதிக்கு வர வேண்டும். அந்தத் தேதிக்குப் போகாமல் இருக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த வழக்கின் பதினாறு இலக்கக் குறியீட்டைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று கைபேசியிலேயே பார்க்கலாம், அதை அம்மாவுக்குக் காட்டிக் கொடுங்கள்.

அப்புறம் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண்ணான 15100-ஐத் தாளின் பின்புறம் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துத் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆணைக்குழு அலுவலகத்துக்கு அம்மாவே போய்க் கேட்கலாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். ஆதார் நகலும் அந்தத் தாளும் கொண்டு போகச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் தாளை இரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.